எட்டு ராஜா

கிளட்ச்சை முழுசா மிதிங்க தம்பி. ம். இப்ப பஸ்ட்டு கியர். மெதுவா விடுங்க, மெதுவா, மெதுவா... ஆப் ஆயிருச்சா? பரவால்லீங்க. மொத நாள் எல்லாருக்கும் ஆப் ஆகும். இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க, என்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்குது, பயப்படாதீங்க.

பாரத்துல பாத்தனுங்க. தொழில்ங்கிற எடத்துல சாப்ட்வேர்னு போட்டிருந்தீங்களே. பெங்களூர்க் கம்பெனிங்களா? ஊட்டுல இருந்தே பாக்கறீங்களாக்கும். நல்லதுங்க. அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். சிரிக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல் சென்னியப்பன் ஒரு டெவலப்பருங்க. நானாச் சொல்லிக்கலை, என்ற போனே சொல்லுச்சு. இந்த ரோடு பிரிவு வரைக்கும் காலியாத்தான் கெடக்கும், செகண்டு கியர்லயே போங்க, சொல்றேன்.

போன ஆடி மாசம் கீழ விழுந்தனுங்க. எங்கன்னு கேக்கறீங்களா? அதான் கேவலம். எட்டுல விழுந்தேன். கிரவுண்டுல பதினோரு பொம்பளைப் புள்ளைகளை வரிசையா நிக்க வெச்சு, டூ வீலர்ல எட்டு எப்படிப் போடறதுன்னு ஓட்டிக் காமிச்சுட்டு இருந்தேன். வண்டியப் பாக்காதீங்க, அடுத்த வளைவைப் பாருங்கன்னு அவங்க பக்கம் திரும்பிச் சொல்லிட்டே போனேன். வளைவை நான் பாக்கலை. இருபத்தாறு வருசமாச் சொல்லிக்குடுக்கறவன், நடக்கற வேகத்துல போய், ஒரு கல்லு மேல ஏறி, வண்டி எம்மேல, நான் மண்ணு மேல. எடது கணுக்கால் முறிஞ்சு போச்சு. அந்தப் புள்ளைகள்ல ஒண்ணு கேட்டுச்சுங்க, "சார், இதுவும் சொல்லித் தர்றதுல சேர்த்திங்களா?"ன்னு.

ரெண்டு மாசம் மாவுக்கட்டு. ஸ்கூலைப் பூட்டியாச்சு. பதினோரு புள்ளைகளும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கற ரங்கநாயகி டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருச்சுங்க. அங்க சுகந்தின்னு ஒரு பொம்பளைதான் சொல்லிக்குடுக்குது. முன்னால எங்கிட்டத்தான் லைசென்ஸ் எடுத்துச்சு, இப்ப எனக்கே போட்டி.

படுத்துக் கெடக்கறவனுக்குப் போன்தானே துணை. அதுல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான், ஒண்ணுமே தெரியாதவங்களும் ஒரே வாரத்துல மொபைல் ஆப் செய்யலாம்னு. ஒண்ணுமே தெரியாதவங்கன்னதும் என்னையத்தான் கூப்படறான்னு நெனைச்சேன். அப்பத்தானுங்க அந்த யோசனை வந்துச்சு. எட்டு போடறதை ஒரு கேமாப் பண்ணிப்போட்டா? வண்டியும் வேண்டாம், கிரவுண்டும் வேண்டாம், காலும் முறியாது. எல்லாரும் ஊட்டுல உக்காந்து போன்லயே பழகிட்டு வரலாம். எட்டு போட வேண்டியவங்க தமிழ்நாட்டுல எத்தனை லட்சம் பேரு!

ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "துளசி, நான் ஒரு ஆப்பு பண்ணப் போறேன்."

"யாருக்குங்க?"ன்னு கேட்டா துளசிமணி.

அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. பாவம், ஜாக்கெட் தைக்கறவ.

லெப்ட்ல ஒரு மொபட் வருது பாருங்க. விடுங்க, போகட்டும். ம்.

மொதல்ல பேரு வெச்சேன், எட்டு ராஜான்னு. அப்பறம் படம். ஆப்புக்குச் சின்னதா ஒரு படம் வேணும்ல? என்ற போட்டோவையே வெச்சு, தலையில ஹெல்மெட்டு, ஹெல்மெட்டு மேல கிரீடம். அதுக்கு நாலு நாளாச்சு. கிரீடம் சாஞ்சு சாஞ்சு போச்சு. அதுவரைக்கும் புரோகிராம் ஒரு வரி எழுதலை, நீங்க சிரிக்கிறீங்க, சிரிங்க. நீங்க எப்படிங்க ஆரம்பிப்பீங்க? ஓ, மொதல்ல பேப்பர்ல போட்டுப் பாப்பீங்களா. அப்படியா.

ஆபீஸ்ல லைசென்ஸ் பாரம் போடற கம்ப்யூட்டரு ஒண்ணு இருந்துச்சு. அதைத் துளசி ஆட்டோ வெச்சு எடுத்துட்டு வந்தா. வீடியோவுல சொன்னதை எறக்கறதுக்கே ஒரு பகல் ஓடிப்போச்சு. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு போன் மாதிரி தெரியும், அதுல ஓட்டிப் பாக்கலாம்னான். எங்க கம்ப்யூட்டர்ல அந்தப் போன் கறுப்பா வந்து நின்னுச்சுங்க, அவ்வளவுதான், உள்ள இருக்கற பேனு மட்டும் ரைஸ் மில்லு மாதிரி ஓடுச்சு. அப்படீன்னா உங்க சொந்தப் போனையே ஒயர்ல மாட்டுங்கன்னான். அதுக்கு முன்னால போன்ல செட்டிங்ஸுக்குள்ள போயி, அடி ஆழத்துல பில்டு நம்பர்னு ஒரு வரி இருக்கும், அதை ஏழு தடவை தட்டணுமாம். தட்டினேன். ஏழாவது தட்டுல போன் சொல்லுச்சுங்க, நீங்கள் இப்போது டெவலப்பர்னு.

தம்பி, உங்களுக்கு அது சாதாரணமா இருக்கலாம். எட்டாவதோட படிப்பை விட்டவனுக்கு அது எப்படி இருந்துச்சுங்கறீங்க? என்ற மச்சினனுக்குப் போன் போட்டேன். கோயமுத்தூர்ல இருக்கற எங்கக்காவுக்குப் போட்டேன். டெவலப்பர் ஆயிட்டேன்னேன். "எந்தக் காலேஜுல?"ன்னு கேட்டாங்க. பில்டு நம்பர்லன்னேன்.

கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. கால் சும்மா இருக்கணும். ஆங்.

மொத புரோகிராம், ஒரு பட்டனை அமுக்குனா வணக்கம்னு வரணும். அவ்வளவுதான். எனக்கு வந்தது தப்பு தப்புன்னு முப்பத்தெட்டு செவப்பு வரி. வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு எழுத்தாப் பாத்து அடிச்சிருந்தேன். மூணு நாளு. செவப்பு வரி கொறையலை, நாப்பத்தொண்ணாச்சு. கம்ப்யூட்டரு ரிப்பேருன்னு முடிவு பண்ணிப்போட்டேன். கஞ்சி கொண்டாந்து வெச்ச துளசி சித்தெ நேரம் நின்னு பாத்தா.

"ஏனுங்க, இங்க ஒரு கொக்கி தொறந்திருக்குது. இதை மூடற கொக்கி எங்கீங்க?"

மீசை மாதிரி ஒரு அடைப்புக்குறி வரும்ல, அதைத்தான் கொக்கிங்கறா. நான் சும்மா இருக்கட்டும்னு கீழ ஒரு மூடற கொக்கி போட்டேன். முப்பத்தெட்டோ நாப்பத்தொண்ணோ, அத்தனை செவப்பும் போயி வணக்கம்னு வந்துச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? மூணு நாள் விடாம உழைச்சா பலன் கெடைக்காமப் போகுமான்னு அவகிட்டயே சொன்னேன். ஆமாங்கன்னுட்டு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போனா.

அப்பறம் கேமு. கிரவுண்டு வரைஞ்சேன். எட்டு வரைஞ்சேன். மேல இருந்து பாக்கற மாதிரி ஒரு ஸ்கூட்டரு, லெப்ட்டுக்கு ஒரு பட்டன், ரைட்டுக்கு ஒரு பட்டன். ஓரமா இன்ஸ்பெக்டர் ஒருத்தரு கையில பேப்பரோட. ஓட்டுனேன். லெப்ட்டை அமுக்குனா வண்டி ரைட்டுல போகுது. ரைட்டை அமுக்குனா லெப்ட்டு. நேராப் போய் இன்ஸ்பெக்டரு மேல ஏறி, அவரைத் தாண்டி, போன் ஓரத்தைத் தாண்டிப் போயிருச்சு. போன வண்டி திரும்பி வரலீங்க. எங்க போகும்? இன்னமும் எங்கயோ போயிட்டேதான் இருக்குமா? அதெல்லாம் படுத்துட்டே யோசிப்பேன். ஆயிரக்கணக்கான பேருக்கு லெப்ட்டு எது ரைட்டு எதுன்னு சொல்லிக்குடுத்தவன், ஒரு கட்டை விரல் அளவு ஸ்கூட்டருக்குச் சொல்லிக்குடுக்க முடியலை.

ஒம்பது நாள் கழிச்சு ஒரு வழி கண்டுபுடிச்சேன். லெப்ட்டுப் பட்டன் மேல ரைட்டுன்னு எழுதிப்போட்டு, ரைட்டு மேல லெப்ட்டுன்னு எழுதிப்போட்டேன்.

ஏனுங்க, அப்படியெல்லாம் பண்ணலாம்ல? உங்க கம்பெனியிலயும் பண்ணுவாங்களா? பாத்தீங்களா!

இதுக்கு நடுவுல ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருக்கா போகணும். ஊட்டு முன்னால என்ற ஸ்கூட்டரு நிக்குது, காரு நிக்குது, ஓட்ட ஆளில்லை. ஒருக்கா திரும்பி வர்றதுக்கு ஆட்டோவே கெடைக்கலை. மத்தியான வெயில்ல ஆஸ்பத்திரிக் கேட்டுல ரெண்டு மணி நேரம் நின்னோம். நான் கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு, அவ எனக்கு வெயில் படாம முந்தானையைப் புடிச்சுக்கிட்டு. எங்கிட்டப் படிச்சவங்க பத்திருபது பேரு வண்டியில போனாங்க, வணக்கம் சார்னாங்க, போயிட்டாங்க. நான் துளசிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன், "ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவன் நெலமையப் பாத்தியா?"ன்னு. அவ சிரிக்கலை. வெயிலு, பாவம்.

என்ன கேட்டீங்க? அவளுக்கு ஏன் சொல்லித் தரலைன்னா? சொல்லிக்குடுத்தனுங்களே. கலியாணமாகி ரெண்டாம் வருசம். அதே கிரவுண்டுல. அவ மொத வளைவுலயே காலை ஊனிப்போட்டா. ஒருக்கா, ரெண்டுக்கா, அஞ்சுக்கா. அன்னைக்கு எட்டுப் பேரு நின்னு பாத்துட்டு இருந்தாங்க. வாத்தியார் பொண்டாட்டியே காலை ஊனுனா எனக்கு எப்படி இருக்கும்? இதெல்லாம் உனக்கு இந்த ஜென்மத்துல வராது, எறங்குன்னு ஒரு சத்தம் போட்டேன். எறங்குனா. சாவியை சீட்டு மேல வெச்சா. ஊட்டுக்கு நடந்தே போயிட்டா, மூணு மைலு. அதோட சரி. அப்பறம் அவளும் கேக்கலை, நானும் சொல்லலை. அதெல்லாம் இருபத்திரெண்டு வருசம் ஆச்சுங்க, அவ எப்பவோ மறந்திருப்பா.

பிரேக்! ...லாரி அது. ஆரன் அடிச்சா பயப்படாதீங்க, அவன் சும்மா அடிப்பான். போங்க.

கேமை ஓட்டிப் பாக்க ஒரு ஆளு வேணும்னு வீடியோவுல சொன்னான். ஒண்ணுமே தெரியாத ஆளா இருந்தா ரொம்ப நல்லதாம். ஊட்டுலயே இருக்குதேன்னு துளசி போன்ல ஏத்திக் குடுத்தேன். பக்கத்துல உக்கார வெச்சு விளையாடச் சொன்னேன். விளையாண்டா. அப்பறமுங்க, அவ போனைக் கீழயே வெக்கலை. சமைக்கறப்ப போனு, தைக்கறப்ப போனு. எப்பப் பாத்தாலும் குனிஞ்சு எதையோ பாத்துட்டு, விரலால காத்துல எட்டு மாதிரி வரைஞ்சுக்குவா. எனக்குப் பெருமை தாங்கலை. ஒரு மனுசியை இப்படி அடிமையாக்கிப் போட்டனேன்னு கொஞ்சம் பயமாக்கூட இருந்துச்சு. கேமுக்கு அடிமையானா ஒடம்புக்கு ஆகாதும்பாங்களே. அதுவும் சரியாத்தான் இருந்துச்சு. காலையில ஆறு மணிக்குப் பால் வாங்கப் போறவ ஏழரைக்குத்தான் வருவா. முழங்கால்ல ஒருக்கா சிராய்ப்பு, கேட்டா வாசப்படியில வழுக்கிருச்சுங்கறா. எல்லாம் போனைப் பாத்துட்டே நடக்கறதுதானுங்க.

ஒரு நாள் அவளா வந்து சொன்னா. "ஏனுங்க, உங்க கேமுல வண்டி ஒரே வேகத்துல போகுதுங்களே. வளையறப்ப ஆக்சிலேட்டரை அப்படியே புடிச்சுக்கிட்டு, பின்னாடி பிரேக்கை லேசாத் தொட்டுட்டே வந்தா வண்டி ஆடாதுங்க. அதுக்கு ஒரு பட்டன் வெய்யுங்க."

நான் அசந்து போயிட்டேன். இது நானே யாருக்கும் சொல்லிக்குடுக்காத நுணுக்கம். வெறும் கேமு விளையாண்டே அவளுக்கு வந்திருக்குது பாருங்க! என்ற கேமுல பிரேக்கே கெடையாது, அது வேற விசயம்.

கட்டுப் பிரிச்ச மறு வாரம், இதை வெளியிட்டர்றதுன்னு முடிவு பண்ணுனேன். எங்க? லைசென்ஸ் டெஸ்ட்டு நடக்கற கிரவுண்டுலயேதான். துளசி அன்னைக்கு வெள்ளனவே கெளம்பி, கவுந்தப்பாடியில அவ தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு போயிட்டா. நான் ஆட்டோ புடிச்சு, கட்டையை ஊனிக்கிட்டுப் போயி, வரிசையில நிக்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், "இது நான் செஞ்ச கேமு, உங்க போனுக்கு அனுப்பறேன், ஏத்திக்கங்க"ன்னேன். அனுப்புனா, அத்தனை பேரு போனும் ஒரே மாதிரி சொல்லுது, இந்த ஃபைல் ஆபத்தானதாக இருக்கலாம்னு. ஒவ்வொருத்தரா என்னைய விட்டு நகர்ந்து நிக்கறாங்க. ஒரு பையன் மட்டும் தைரியமா ஏத்துனான். விளையாண்டு பாத்துட்டு, "அண்ணா, இதுல பழகுனா நெசத்துலயும் ரைட்டுக்குப் பதிலா லெப்ட்டுல போயிருவேன்"னு சொல்லி அழிச்சுப்போட்டான்.

அப்பத்தானுங்க கிரவுண்டுல ஒரு பொம்பளை எட்டு போட்டுச்சு. ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு, சீலையை இழுத்துச் சொருவிக்கிட்டு. தம்பி, நான் எத்தனையோ எட்டு பாத்திருக்கேன். இது தண்ணி ஓடற மாதிரி போச்சு. வண்டி ஆடலை, கால் எறங்கலை. எனக்கே ஒடம்பு சிலுத்துருச்சு. பக்கத்துல நின்ன ஆளுகிட்ட சத்தமாவே சொன்னேன், "பாத்துக்கங்க, வாத்தியாரு நல்ல வாத்தியாரா இருந்தாத்தான் இப்படி வரும்"னு. சீலையை மட்டும் எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு.

ஹெல்மெட்டைக் கழட்டுனா துளசிமணி.

ஓரத்துல சுகந்தி நின்னு கையைத் தட்டுது. இன்ஸ்பெக்டர், "குட்மா, அடுத்தது"ங்கறாரு. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடலை. அடுத்த நிமிசம் புரிஞ்சு போச்சு. நொண்டிக்கிட்டே நடுக் கிரவுண்டுக்குப் போயிட்டேன். "என்ற கேமு!"ன்னு கத்துனேன். "பாருங்க, இது என்ற சம்சாரம்! ஒரு மாசமா என்ற கேமை விளையாண்டே எட்டு போடறா!" நாப்பது பேரு இருப்பாங்க, அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. சுகந்தி வாயைத் தொறந்துச்சு. துளசி அது கையைப் புடிச்சா. என்னைய ஒரு பார்வை பாத்தா. நான் வேர்த்து விறுவிறுத்துக் கட்டையில தொங்கிட்டு நிக்கறேன்.

"ஆமாங்க," அப்படீன்னா எல்லாருக்கும் கேக்கற மாதிரி. "எங்கூட்டுக்காரரு கேமுதானுங்க."

பாரம் போடறதுக்கு ஒரு ஸ்கூல் வேணும்ல, அதுக்காக ரங்கநாயகிக்குப் போயிருக்கா. நம்ம ஸ்கூல்தான் பூட்டிக் கெடந்துச்சே.

அன்னைக்கு சுகந்தி ஸ்கூட்டரை வாங்கி அவதான் என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. கட்டையைக் குறுக்க வெச்சுக்கிட்டுப் பின்னால உக்காந்தேன். பழக்கம் போகுமுங்களா? இண்டிகேட்டர் போடு, கண்ணாடி பாரு, பிரேக், பிரேக்குன்னு சொல்லிட்டே வந்தேன். வாய்க்கால் பாலத்துகிட்ட ஓரமா வண்டியை நிறுத்துனா. திரும்பலை. முன்னால பாத்துட்டே கேட்டா, "எறங்கிக்கறீங்களா, பேசாம வர்றீங்களா?"

பேசாம வந்தேன். நல்லாத்தான் ஓட்டுனா.

ரைட்டுல ஓரமா நிறுத்துங்க. இல்லீங்க, லெப்ட்டுல, லெப்ட்டுல. மன்னிச்சுக்கங்க, இப்பெல்லாம் எனக்கே மாறிப்போகுது. நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்க. ஒரு விசயம் கேக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு கதையும்.

ஸ்கூலுக்கு ஒரு பிளெக்ஸ் அடிக்கலாம்னு இருக்கேன். துளசி போட்டோவைப் போட்டு, எட்டு ராஜா விளையாண்டு லைசென்ஸ் வாங்கியவர்னு. பிளெக்ஸ் கடைக்காரன் சொன்னான், எத்தனை தடவை விளையாண்டாங்கன்னு ஒரு நம்பர் போட்டா எடுப்பா இருக்கும்னு. கேமை எத்தனை தடவை தொறந்திருக்காங்கன்னு எண்ணிச் சொல்ற மாதிரி நானே உள்ள ஒரு எடத்துல எழுதி வெச்சிருக்கேன். அதுவும் வீடியோ பாத்துத்தான். முந்தாநேத்து அவ குளிக்கப் போனப்ப அவ போனை எடுத்துப் பாத்தேன். ஐநூறு இருக்கும்னு நெனைச்சேன். முந்நூறாவது இருக்கும்னு வெச்சுக்கங்களேன்.

மூணுன்னு காட்டுது.

நான் பக்கத்துல உக்காந்து விளையாட வெச்சதே மூணு தடவை இருக்குமுங்க.

அவகிட்டயே கேக்கலாம். ஊட்டுல பக்கத்துலதான் உக்காந்து தைச்சுட்டு இருக்கறா. ரெண்டு நாளா வாய் வரைக்கும் வருது, கேக்கலை. என்னமோ கேக்கத் தோணலை. அவ தைக்கறதையே பாத்துட்டு இருந்தேன். "என்னங்க?"ன்னா. ஒண்ணுமில்லைன்னேன்.

இந்தாங்க போனு. கம்ப்யூட்டர்ல அந்தக் கணக்கு எழுதுன எடத்தைப் போட்டோ புடிச்சு வெச்சிருக்கேனுங்க, நாலே வரி. நீங்க படிச்சவங்க, பாத்தாத் தெரிஞ்சிரும். லெப்ட்டு ரைட்டே தெரியாத கேமு, எண்ணத் தெரியாமப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எங்கயாவது ஒரு கொக்கி விட்டுப் போயிருக்கும். நல்லாப் பாருங்க தம்பி. தப்பு என்ற புரோகிராம்லதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமுங்க எனக்கு.